அந்தி ஒளியில் தம்பதியர் படம்: வாஷிக் கழிக்கரையில் ஒரு பாடம்

வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்க வரும் கணவனும் மனைவியும் விண்ணப்பத்தில் ஒட்டுவதற்குத் தனித்தனியே எடுத்த இரண்டு படங்களைக் கொண்டுவருவர். முப்பது ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்தவர்களும் அப்படியே. விதி அதைத்தான் கேட்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பல இல்லங்களில் இருவரும் சேர்ந்து நிற்கும் நல்ல படம் என்று ஒன்று திருமண நாளோடு நின்றுவிடுகிறது. பின்னர் எடுப்பவை எல்லாம் பிள்ளைகளின் படங்கள், பேரப்பிள்ளைகளின் படங்கள், விருந்தில் கூட்டமாக நிற்கும் படங்கள். இருவரில் ஒருவர் மறைந்த பின், சுவரில் மாட்டுவதற்கு ஒரு முகத்தை எங்கிருந்தோ வெட்டியெடுத்துப் பெரிதாக்கும் வேதனையைப் பல குடும்பங்கள் அறியும்.

மணிவிழாவோ, வெள்ளி விழாவோ, வெறும் ஞாயிற்றுக்கிழமையோ, நம் பெற்றோரையோ நம்மையோ ஒரு மாலைப்பொழுதில் ஒழுங்காகப் படமெடுத்து வைப்பது இயலாத காரியமன்று. அதற்குத் தேவையான அறிவை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம். மும்பைத் தமிழர்களுக்கு எட்டும் தொலைவில் உள்ள வாஷிக் கழிக்கரையையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இங்குக் கற்றதை மெரினாவிலும் பயன்படுத்தலாம், காவிரிக் கரையிலும் பயன்படுத்தலாம்.

இடம்: மேற்கே நீர், மேலே திறந்த வானம்

சிட்கோ நிறுவனம் 1970-இல் தொடங்கப்பட்டு, நவி மும்பையை உருவாக்கியபோது முதலில் வளர்ந்த பகுதிகளுள் வாஷி ஒன்று. 1973-இல் தானே கழியின் மீது சாலைப் பாலமும், 1992-இல் ரயில் பாதையும் வந்தன. செம்பூரில் துறைமுக வழித்தட ரயிலில் ஏறினால் கோவண்டி, மான்கூர்ட் கடந்து கழியைத் தாண்டியதும் வாஷிதான். மாதுங்காவிலிருந்து வருவோர் குர்லாவில் மாறிக்கொள்ளலாம். காலையில் செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலில் வழிபாடு, மாலையில் வாஷியில் படம் என்று ஒரே நாளில் அமைத்துக்கொள்வதும் எளிது.

வாஷியின் தனிச்சிறப்பு அதன் திசை. நகரத்தின் மேற்கு ஓரத்தில் கழி இருப்பதால் சூரியன் நீரின் பக்கமாக இறங்குகிறது. சாகர் விஹார், மினி சீஷோர் ஆகிய இரண்டு நடைவெளிகளும் இதற்கு ஏற்றவை. டிசம்பரில் சூரியன் நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 25 பாகை தெற்கே விலகி மான்கூர்ட், டிராம்பே பக்கமாக மறையும். ஜூனில் அதே அளவு வடக்கே விலகிக் காட்கோபர், விக்ரோலி பக்கமாக மறையும். ஆகையால் ஒரு மாதம் பார்த்து வைத்த இடம் வேறொரு மாதத்துக்குப் பொருந்தாமல் போகலாம். முதல் நாள் மாலையே சென்று, சூரியன் எந்த மரத்துக்கு, எந்தக் கட்டடத்துக்குப் பின்னே இறங்குகிறது என்று பார்த்து வருவது நல்லது.

நேரம்: பொன்னொளிக்கு நம்மிடம் 25 நிமிடம்

மேனாட்டு நூல்கள் 'பொன்னான ஒரு மணி நேரம்' என்று எழுதும். அது அவர்கள் நாட்டுக் கணக்கு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் செங்குத்தாகவும் விரைவாகவும் இறங்கும். சூரியன் அடிவானத்துக்கு மேல் 6 பாகை உயரத்தில் இருக்கும்போதுதான் ஒளி நன்றாகப் பொன்னிறம் கொள்கிறது. மார்ச் மாதச் சம இரவு நாளில் அந்த 6 பாகையை இறங்க லண்டனில் சூரியனுக்கு 40 நிமிடம் அளவில் ஆகும். மும்பையில் 25 நிமிடம் போதும். மறைந்த பின் வானில் நிறம் நிலைப்பது மேலும் 20 நிமிடங்களுக்குச் சற்று அதிகம். ஆக மொத்தம் முக்கால் மணி நேரமே நம் கையிருப்பு.

இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. மும்பை அதற்கு வெகு மேற்கே இருப்பதால், சென்னையைவிடச் சராசரியாக அரை மணி நேரம் தாமதமாக இங்குப் பொழுது சாய்கிறது. நவம்பர் இறுதியில் மாலை 6 மணி அளவிலும், மார்ச் 20 அளவில் 6.48 அளவிலும், ஜூன் இறுதியில் 7.20 அளவிலும் சூரியன் மறையும். சென்னையிலிருந்து விழாவுக்கு வந்த உறவினர் தம் ஊர்ப் பழக்கத்தில் ஐந்தரை மணிக்கே அவசரப்படுத்தினால், இக்கணக்கை எடுத்துச் சொல்லலாம்.

மழைக்காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை வானத்தை நம்ப முடியாது. குளிர்காலத்தில் புகைமூட்டம் சூரியனை மறையுமுன்னரே மங்கிய செந்தட்டாக்கிவிடும். பார்க்க அழகு, ஆனால் முகத்தில் விழும் ஒளி மிகக் குறைவு. அந்த நாள்களில்தான் ஃபிளாஷ் இன்றியமையாததாகிறது.

ஓதமும் திதியும்

வாஷியில் பலர் கவனிக்காத ஒன்று கடல் ஓதம். நீர் வற்றிய நேரத்தில் கழிக்கரை முழுதும் சேறாகத் தெரியும். ஏறிய நேரத்தில் வானத்தின் நிறம் முழுதும் நீரில் விழும். மும்பைக் கரையில் அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாள்களில் உயர் ஓதம் நண்பகலிலும் நள்ளிரவிலும் வரும். மாலையில் நீர் வடிந்திருக்கும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்துவதால், அஷ்டமி, நவமி அளவில் உயர் ஓதம் மாலை ஆறு, ஏழு மணிக்கு வந்து சேரும். சுபகாரியத்துக்கு நாம் தள்ளிவைக்கும் திதிகளே இந்தப் படத்துக்கு உகந்தவை. அன்றைய ஓத அட்டவணையையும் பார்த்துக்கொள்வது உறுதி தரும்.

இரண்டு ஒளிகள், இரண்டு கணக்குகள்

மறையும் சூரியனுக்கு முன்னே தம்பதியரை நிறுத்திப் படமெடுத்தால் இரண்டில் ஒன்று நிகழும். வானம் நன்றாக வந்தால் முகங்கள் கரிய நிழலாகும். முகங்கள் நன்றாக வந்தால் வானம் வெளுத்துப் போகும். வானத்துக்கும் நிழலில் உள்ள முகத்துக்கும் உள்ள ஒளி வேறுபாட்டைக் காமிராவால் ஒருசேரத் தாங்க இயலாததே காரணம். ஃபிளாஷ் அந்த வேறுபாட்டைக் குறைக்கிறது.

இங்கு வானத்துக்கு ஒரு கணக்கு, முகத்துக்கு ஒரு கணக்கு என்று இரண்டாகப் பிரித்து எழுதிக்கொள்வது தெளிவு தரும். வானத்தின் ஒளி தொடர்ந்து வருவது; ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவு சேரும். ஃபிளாஷின் ஒளியோ பெரும்பாலும் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் பாய்ந்து முடிந்துவிடும்; ஷட்டர் அதன் பின்னும் திறந்திருப்பதால் அது கூடுவதில்லை. ஆகவே ஷட்டர் வேகம் வானத்தை மட்டும் மாற்றும். லென்ஸின் துவாரமாகிய அபெர்ச்சரும், உணர்திறனாகிய ஐ.எஸ்.ஓ. அளவும் இரண்டு கணக்குகளையும் மாற்றும். ஃபிளாஷின் திறன் முகத்தை மட்டும் மாற்றும். இந்த ஒரு பத்தியை மனத்தில் இருத்தினால் பாடத்தில் பாதி முடிந்தது.

செய்முறை

1. காமிராவைக் கையியக்க முறையில் வைத்து, ஃபிளாஷை அணைத்துவிட வேண்டும். ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/200 வினாடி எனத் தொடங்கலாம். பெரும்பாலான காமிராக்களில் ஃபிளாஷோடு ஒத்துப்போகும் உச்ச வேகம் 1/200 அல்லது 1/250 வினாடி. அதைத் தாண்டினால் படத்தின் ஓரத்தில் கரும்பட்டை விழும்.

2. வானத்தை மட்டும் பார்த்து அபெர்ச்சரைத் திருத்த வேண்டும். காமிரா சரியென்று காட்டும் அளவைவிட ஒரு படி இருண்டதாக வைத்தால் நிறம் அடர்ந்து வரும். சூரியன் மறைவதற்குச் சற்று முன் எஃப்/5.6-லிருந்து எஃப்/8 வரை தேவைப்படலாம்.

3. இப்போது ஃபிளாஷை இயக்கலாம். அதைக் காமிராவின் தலையில் பொருத்தாமல், தனி ஸ்டாண்டில் வைத்து டிரிக்கர் மூலம் இயக்குவது சிறப்பு. காமிராவுக்கு ஒரு பக்கமாக 45 பாகை விலக்கி, முகங்களைவிடச் சற்று உயரத்தில், கீழ்நோக்கிச் சாய்த்து, வெள்ளைக் குடை வழியாக ஒளியைச் செலுத்த வேண்டும்.

4. அரைத் திறனில் ஒரு படம் எடுத்துப் பார்த்து, முகம் வெளிறினால் திறனைக் குறைக்கவும், இருண்டால் கூட்டவும் வேண்டும். ஷட்டரையும் அபெர்ச்சரையும் தொட வேண்டாம்.

5. சூரியன் இறங்க இறங்க வானம் இருளும். அப்போது 1/200 என்பதை 1/100, 1/50 எனத் தளர்த்தினால் போதும். வானம் மீண்டும் ஒளிபெறும். முகத்தின் ஒளி மாறாது. 1/50-க்குக் கீழே செல்லும்போது காமிராவை முக்காலியில் நிறுத்தி, தம்பதியரை அசையாமல் நிற்கச் சொல்ல வேண்டும்.

ஃபிளாஷை எவ்வளவு தொலைவில் வைப்பது என்பதும் ஒரு கணக்கே. தொலைவு இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகும். ஒருவர் ஃபிளாஷிலிருந்து 1 மீட்டரிலும் மற்றவர் 1.5 மீட்டரிலும் நின்றால், முன்னவருக்குக் கிடைப்பது பின்னவரைவிட 2.25 மடங்கு ஒளி. அதே இருவர் 3 மீட்டரிலும் 3.5 மீட்டரிலும் நின்றால் வேறுபாடு 1.36 மடங்காகச் சுருங்கும். ஒருவரைப் படமெடுக்க அருகில் வைக்கும் விளக்கை, இருவரை எடுக்கும்போது சற்றுத் தள்ளி வைப்பது இதனால்தான். ஆனால் தள்ளிப் போகப் போக நிழல்கள் கடுமையாகும் என்பதால், அதற்கேற்பப் பெரிய குடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நிறப் பொருத்தம்

அந்தி ஒளி செம்மஞ்சள். ஃபிளாஷின் ஒளி நண்பகல் வெயிலைப் போன்ற வெள்ளை. இரண்டும் சேர்ந்தால் பின்னணி பொன்னிறமாகவும் முகங்கள் நீலம் பாய்ந்தவையாகவும் தெரியும். எங்கோ எடுத்த இருவரை வெட்டி ஒட்டியது போன்ற தோற்றம் வரும். ஃபிளாஷின் முகப்பில் ஆரஞ்சு நிற ஜெல் தாள் ஒட்டினால் இக்குறை தீரும். முழு அடர்த்தித் தாளைவிடப் பாதி அடர்த்தித் தாள் நம் மாநிறத்துக்கு இயல்பாக அமையும். காமிராவின் வெண்மைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் பகலொளி என்பதில் நிறுத்த வேண்டும். தானியங்கியில் விட்டால், நாம் காத்திருந்து பெற்ற பொன்னிறத்தையே அது பிழையென்று கருதி நீக்கிவிடும்.

முகம், பட்டு, மூக்குக் கண்ணாடி

தானியங்கி ஃபிளாஷ் வெள்ளை வேட்டியைக் கண்டு, ஒளி மிகுந்துவிட்டதெனக் குறைத்துக்கொள்ளும். முகங்கள் இருண்டு போகும். அடர்நிறப் பட்டைக் கண்டால் ஒளியைக் கூட்டி முகங்களை வெளிறச் செய்யும். கையியக்கத்தில் வைப்பதே இதற்குத் தீர்வு.

கணவனும் மனைவியும் ஒரே நிறத்தவராக இருக்க வேண்டியதில்லை. கருத்த நிறமுடையவரை விளக்கின் பக்கமாக நிறுத்தினால் இருவர் முகத்திலும் விவரம் சமமாக வரும். விளக்கிலிருந்து ஒருவர் 1 மீட்டரிலும் மற்றவர் 1.4 மீட்டரிலும் நின்றாலே ஒளி இரண்டுக்கு ஒன்று எனப் பிரியும் என்பதால், அரையடி நகர்த்தலே பல வேளைகளில் போதும். பின்னர்க் கணினியில் முகத்தை வெளுப்பாக்குவதைத் தவிர்க்க வேண்டும். பேரப்பிள்ளைகள் நாளை பார்க்கப் போவது தாத்தாவின் உண்மையான முகத்தை.

பட்டின் ஜரிகை பக்கவாட்டு ஒளியில் மின்னும். நேர் ஒளியில் தட்டையாகும். குடையை ஒரு பக்கமாக வைத்ததன் பயன் இங்கும் கிடைக்கிறது. மூக்குக் கண்ணாடியில் குடையின் பிம்பம் விழுந்தால், விளக்கை மேலும் உயர்த்தலாம். அல்லது கண்ணாடியின் காம்புகளைக் காதின் மேல் சிறிது தூக்கிவைத்தால் கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்து பிம்பம் விலகும். கண்ணாடியையே கழற்றச் சொல்வது முறையன்று; நாள்தோறும் அணிபவர் அது இன்றி வேறொருவராகத் தெரிவார்.

நிற்கும் முறை

பழைய ஸ்டூடியோப் படங்களில் கணவர் நாற்காலியில் அமர்ந்திருப்பார். மனைவி நாற்காலியின் முதுகில் கை வைத்து நிற்பார். அந்த அமைப்பைக் கேலி செய்ய வேண்டியதில்லை. உயர வேறுபாட்டைச் சரிசெய்யவும் நெடுநேரம் அசையாதிருக்கவும் அது உதவியது. இன்றும் மூட்டுவலி உள்ளவர்களுக்கு ஒரு மடக்கு நாற்காலி கொண்டுசெல்வது பெரும் உதவி. இம்முறை அம்மாவை அமரச் செய்து அப்பாவை நிற்க வைக்கலாம்.

நிற்கும்போது இருவரும் காமிராவுக்கு நேராக, அணிவகுப்பில் நிற்பவர்களைப் போல் நிற்கக் கூடாது. ஒருவரையொருவர் நோக்கி அரைப்பங்கு திரும்பி, தோள்கள் தொடும்படி நின்று, உடலின் எடையைப் பின்காலில் தாங்கினால் தோற்றம் தளர்ந்து இயல்பாகும். முகவாயைச் சற்று முன்னே நீட்டித் தாழ்த்தினால் கழுத்து மடிப்பு மறையும். கைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும். வெறுங்கை எங்கே செல்வதென்று அறியாமல் இறுகிவிடும்.

மூத்த தம்பதியரிடம் திரைப்படக் காதலர் போல அணைத்து நிற்கச் சொன்னால் இருவரும் கூச்சத்தில் உறைந்துவிடுவர். அவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒன்றைச் செய்யச் சொல்வதே நல்லது. "அப்பா, அம்மாவின் முந்தானை காற்றில் பறக்கிறது, சற்றுப் பிடித்துவிடுங்கள்" என்றால் கை தானாகத் தோளுக்கு வரும். "இரண்டு பேரும் அந்த மரம் வரை நடந்துவிட்டுத் திரும்பி வாருங்கள்" என்றால் பாதி வழியில் பேசத் தொடங்கிவிடுவர். பூ வைத்துவிடுவது, ஒரே குடையைப் பிடிப்பது, கழியைப் பார்த்தபடி அமர்வது ஆகியவையும் பொருந்தும். கேட்டவுடன் வரும் சிரிப்பைவிட, பேச்சு முடிந்த மறுகணம் முகத்தில் தங்கும் நிறைவே நல்ல படமாகும். விரலை அதற்காகவே காத்திருக்கச் செய்ய வேண்டும்.

கண் சிமிட்டும் பழக்கம் உள்ளவர்களைக் கண் மூடச் சொல்லி, மூன்று எண்ணியதும் திறக்கச் சொல்லலாம். இருவர் முகமும் காமிராவிலிருந்து ஒரே தொலைவில் இருப்பதும் முக்கியம். முழுச்சட்டகக் காமிராவில் 85 மி.மீ. லென்ஸை எஃப்/2.8-இல் வைத்து 2 மீட்டரிலிருந்து எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 9 செ.மீ. மட்டுமே. ஒருவர் ஒரு சாண் பின்னால் நின்றாலே அவர் முகம் மங்கிவிடும். எஃப்/5.6 வைத்தால் இந்த ஆழம் இரு மடங்காகும்.

கைபேசி மட்டும் இருந்தால்

கைபேசியின் சிறுவிளக்கு இரண்டு மீட்டருக்கு அப்பால் பெரிதாக உதவாது. அதை நம்பாமல் திசையை மாற்றிக்கொள்ளலாம். சூரியன் மறைவதற்குச் சில நிமிடங்கள் முன், கண் கூசாத அளவுக்கு ஒளி தணிந்ததும், தம்பதியரைச் சூரியனை நோக்கி நிறுத்தினால் முகம் முழுதும் பொன்னொளி படரும். வானமும் பின்னணியில் வேண்டுமென்றால், ஒருவர் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்துச் சூரிய ஒளியை முகத்துக்குத் திருப்பலாம். திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்தால், இருவரும் நிழலுருவாக நிற்கும் படமும் கிடைக்கும். அதற்கு இரு முகங்களுக்கும் இடையே வானம் தெரியும்படி சிறிது இடைவெளி வேண்டும். இல்லையேல் இருவரும் ஒரே கரும்பாறையாகத் தோன்றுவர்.

கரையில் கடைப்பிடிக்க வேண்டியவை

கழிக்கரையில் மாலைக்காற்று வலுவானது. குடை பொருத்திய ஸ்டாண்டு பாய்மரம் போல் சாயும். அதன் அடியில் மணல் பையையோ கனமான தோள்பையையோ கட்டித் தொங்கவிட வேண்டும். முடிந்தால் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

ஐரோலிப் பாலத்துக்கும் வாஷிப் பாலத்துக்கும் இடைப்பட்ட கழிப்பகுதி 2015-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. பறவைகளை நோக்கி ஃபிளாஷ் அடிப்பதும், அவற்றைப் பறக்கவைத்துப் படமெடுப்பதும் தவறு. அலையாத்தி மரங்களை மிதித்தோ ஒடித்தோ இடம் உண்டாக்கக் கூடாது. சேற்றில் இறங்குவது உயிருக்கே ஆபத்து. நடைபாதையில் நின்றே எல்லாப் படங்களையும் எடுக்கலாம். ரயில் நிலைய வளாகத்தில் தொழில்முறைப் படப்பிடிப்புக்கும், டிரோன் பறக்கவிடுவதற்கும் உரிய அனுமதி வேண்டும்.

தொழிலாகக் கொள்வோருக்கு

இக்கலையைக் கற்றுத் தொழிலாக்க விரும்பும் இளைஞர்கள் முதலிலேயே எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை. ஒரு ஃபிளாஷ், ஸ்டாண்டு, குடை, டிரிக்கர் ஆகியவற்றோடு தொடங்கி, விலை மிகுந்த லென்ஸ்களை வாடகைக்கு எடுக்கலாம். சிறு சேவைத் தொழில்களுக்கு, 2015-இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி முத்ரா திட்டத்தில் பிணையின்றிக் கடன் பெறலாம். 50,000 ரூபாய் வரை சிசு, அதற்கு மேல் 5 இலட்சம் வரை கிஷோர், 10 இலட்சம் வரை தருண் எனப் பிரிவுகள் உண்டு. கருவிகளின் விலைப்பட்டியலையும், மாதந்தோறும் எதிர்பார்க்கும் வரவு செலவையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கிளையை அணுகினால் வேலை எளிதாகும். கருவிகளுக்குக் காப்பீடு எடுப்பதும், வாடிக்கையாளர் தரும் தொகையைத் தொழிலுக்கென உள்ள கணக்கிலேயே பெறுவதும் நாளடைவில் பெரிய கடன் பெற உதவும்.

மாலை நேர அட்டவணை (சூரியன் 6.48-க்கு மறையும் நாளுக்கு)

5.45: இடம் சேர்தல், ஸ்டாண்டு நிறுத்துதல், உடை, பூ சரிபார்த்தல்.
6.10: சோதனைப் படங்கள், தம்பதியர் காமிராவுக்குப் பழகுதல்.
6.23 முதல் 6.48 வரை: பொன்னொளி, நடக்கும் படங்கள், அருகில் எடுக்கும் முகப்படங்கள்.
6.48 முதல் 7.10 வரை: வானத்தின் நிறம், ஃபிளாஷோடு முழு உருவப் படங்கள், நிழலுருவங்கள்.

எடுத்த பின் ஒன்று மறக்க வேண்டாம். கைபேசியில் ஆயிரம் படங்களுக்கு இடையே கிடக்கும் படம், கைபேசி பழுதாகும் நாளில் போய்விடும். இரண்டு இடங்களில் பிரதி வைத்து, சிறந்த ஒன்றை அந்த வாரமே அச்சிட்டுச் சட்டமிட வேண்டும். அதைக் கூடத்தில், அவர்கள் இருவரும் அமர்ந்து காபி அருந்தும் இடத்துக்கு எதிரே மாட்டலாம். அவர்களே பல ஆண்டுகள் பார்த்து மகிழட்டும்.